நுவரெலியாவா, கண்டியா, பண்டாரவளையா? ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையோடு ஒரு விடுமுறை

பெரியவனுக்கு ரயில் வேண்டும். சின்னவளுக்கு மாடு வேண்டும். மாடு கிடைக்காவிட்டால் நாய், அதுவும் இல்லாவிட்டால் காகம் போதும். வீட்டுக்காரருக்கு மூன்று நாள் போன் அடிக்காமல் இருக்க வேண்டும். மாமிக்கோ எங்கும் போகவே வேண்டாம். "ஹட்டனில் இருந்துகொண்டு மலை பார்க்கப் போகிறீர்களா? முப்பது வருடம் இந்த மலையில் கொழுந்து பறித்தேன், ஒருவரும் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை" என்றார். 2025 ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு இது.

மாமியின் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. கடற்கரைக்குப் போகலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் திருகோணமலையோ பாசிக்குடாவோ, ஹட்டனிலிருந்து ஒரு முழுப் பகல் வண்டியில் கழியும். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை அந்தப் பகலை நமக்குச் சும்மா தராது. எங்கள் சின்னவள் விழித்திருக்கும்போது ஓரிடத்தில் உட்காரும் நேரம், ரொட்டித் துண்டும் பாட்டும் சேர்த்து, நாற்பது நிமிடம். தூக்கம் ஒன்றரை மணி நேரம். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் பயணத்தின் எல்லை. அதற்கு மேல் போனால் வண்டியில் இருக்கும் எல்லோரும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். ஆகவே மலைக்குள்ளேயே மூன்று ஊர்கள் மிஞ்சின: நுவரெலியா, கண்டி, பண்டாரவளை.

ஊரைத் தேர்வதற்கு முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் உறவினர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மலையகம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் மழைக்கு அது இரண்டு நாடு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, நோர்வூட், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும். அதே காற்று முகட்டைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் இறங்கும்போது ஈரம் போய், கச்சான் என்னும் வறண்ட காற்றாகிவிடும். ஊவாத் தேயிலையின் பெயர் பெற்ற வாசனை ஜூலை முதல் செப்டம்பர் வரையான அந்தக் காய்ந்த காற்றினால்தான் வருகிறது. டிசம்பரில் கதை தலைகீழ்: வடகீழ்ப் பருவக்காற்று பதுளைப் பக்கத்தை நனைக்கும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் இரண்டு பக்கமும் பிற்பகலில் இடியும் மழையும். பெரியவர்கள் குடை பிடித்துச் சமாளித்துக்கொள்ளலாம். நடக்கப் பழகிய பிள்ளையை மூன்று நாள் அறைக்குள் அடைத்து வைப்பதை விடுமுறை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இது எனக்குப் படித்து வந்த ஞானம் அல்ல. சின்னவள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு ஜூன் மாதச் சனி ஞாயிறில் நுவரெலியா போனோம். எங்களிடமிருந்து தலவாக்கலை வழியே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பக்கம்தானே என்ற துணிச்சல். தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். 'குடும்ப அறை' என்று போனில் சொன்னது மாடியில் இருந்தது. ஏணி போன்ற செங்குத்தான மரப்படிகள், கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே ஒரு பிள்ளை தாராளமாக நழுவி விழும் இடைவெளி. வெந்நீர் மாலை ஆறு முதல் எட்டு மணி வரை மட்டும். காலையில் பிள்ளையைக் கழுவ, சமையலறையிலிருந்து ஒரு கேத்தலை இரவல் வாங்கினோம். துவைத்தது எதுவும் காயவில்லை. இரண்டாம் நாள் மாலை அவளுக்கு இருந்த உலர்ந்த உடுப்பு, அவள் உடம்பில் இருந்தது மட்டுமே. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று விடுதிப் பையன் ஒரு தட்டில் கரித்தணல் கொண்டுவந்தான். நல்ல மனதோடுதான் கொண்டுவந்தான், நான் திருப்பி அனுப்பிவிட்டேன். மூடிய அறையில் எரியும் கரி வெளிவிடும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். மலையில் யார் வீட்டில் தங்கினாலும் இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

நுவரெலியாவை இதற்காக ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கிரகரி வாவிக் கரையும் விக்டோரியா பூங்காவின் புல்லும் தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைக்கென்றே விரித்தவை போல இருக்கும். அம்பேவெலப் பண்ணைக்குப் போனால், சின்னவளைப் போன்றவர்களுக்கு ஒரே இடத்தில் ஆயுள் முழுவதற்கும் போதுமான மாடுகள் கிடைக்கும். ஹக்கலைக்குப் போகும் வழியில் சீதாஎலிய அம்மன் கோயில் இருப்பதால் மாமியின் வாயையும் அடைத்துவிடலாம். 1861இல் மலேரியா மருந்துக்கான சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய ஹக்கலைத் தோட்டம் அழகுதான், ஆனால் சரிவும் படியுமாக இருப்பதால் பிள்ளை தோளில்தான் இருக்கும். உயரத்தைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது; உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் பேச்சு. சுகமாக இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம், பயப்பட வேண்டியது இரவுக் குளிருக்கும் ஈரத்துக்கும்தான். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி பூக்கும் ஊர் அது.

ஏப்ரலில் வானிலை நல்லது, ஊர்தான் நல்லதல்ல. வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு நாடே அங்கு ஏறிவந்துவிடும்; அறை வாடகை பல மடங்காகும்; அரை மணி நேரப் பாதையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தபடி, பின் இருக்கையில் அழும் பிள்ளையோடு இருப்பீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டில் இருந்து கைவிசேஷம் வாங்குவதே மேல். ஹோர்ட்டன் சமவெளி பற்றி ஒரு வரி போதும்: 'உலக முடிவு' என்ற மலைவிளிம்பு வரை போய்த் திரும்பும் சுற்று ஒன்பது கிலோமீற்றருக்கு மேல், விடியுமுன் புறப்பட வேண்டும், பதினொரு கிலோ பிள்ளை யார் முதுகில்?

கண்டிக்கு வருவோம். ஏறக்குறைய 500 மீற்றர்தான் உயரம் என்பதால் ஸ்வெட்டர் மூட்டை வேண்டாம், துவைத்தது காயும். மலையகத்தில் தள்ளுவண்டி பயன்படும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், பேராதனைப் பூங்கா. 147 ஏக்கர், நல்ல பாதைகள், பெரும்பாலும் சமதரை. அங்கே பிள்ளையை இறக்கிவிட்டு நாம் மூச்சு விடலாம். குரங்குகளை மட்டும் கவனிக்க வேண்டும், பிஸ்கட் பக்கெட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பக்கெட் மரத்தில் இருக்கும். பேராதனையிலேயே சிறுவர்களுக்கான விசேட வைத்தியசாலை ஒன்று இருப்பது முதல் முறை பிள்ளையோடு வெளியே போகிறவர்களுக்குப் பெரிய தைரியம்.

ஆனால் எங்களுடையது ஆகஸ்ட். தலதா மாளிகையின் யானை ஊர்வலமான எசல பெரஹரா ஜூலை, ஆகஸ்ட்டில் வரும். அந்த நாட்களில் கண்டியில் அறை கிடைப்பதும் அரிது, பாதைகளையும் மூடிவிடுவார்கள். பெரியவன் யானைகளைப் பார்த்து வாய் பிளப்பான், சந்தேகமில்லை. இடம் பிடிக்கப் பிற்பகலிலேயே போய் உட்கார வேண்டும், ஊர்வலம் இரவில்தான் வரும். பந்தமும் கசைவெடியும் மேளமுமாக அது நெருங்கும் நேரம், இரண்டு வயதுப் பிள்ளை எப்போதோ தூங்கியிருக்க வேண்டிய நேரம். மூன்று வயது தாண்டட்டும் என்று தள்ளி வைத்தோம். பெரஹரா இல்லாத மாதமாக இருந்தால், முதல் பயணத்துக்கு நான் கண்டியைத்தான் சொல்வேன்.

மிஞ்சியது பண்டாரவளை. ஏறக்குறைய 1,200 மீற்றர். குளிர் உண்டு, நடுக்கம் இல்லை. எல்லோரும் எல்லவில் தங்குகிறார்களே, நீங்கள் ஏன் பண்டாரவளையில் தங்கினீர்கள் என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. எல்ல வெளிநாட்டு இளைஞர்களுக்காகத் தன்னை மாற்றிக்கொண்ட ஊர். விடுதிகள் பெரும்பாலும் சரிவில் தொங்குகின்றன, அறைக்குப் படி, சாப்பாட்டுக்குப் படி, பல்கனிக்கு வெளியே பள்ளம். உணவுக்கடைகளில் பீட்சா எளிதாகக் கிடைக்கும். காரமில்லாத பருப்பும் குழைந்த சோறும் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பண்டாரவளை சாதாரண ஊர். சந்தை இருக்கிறது, பாமசிகள் இருக்கின்றன, இரவு ஏழு மணிக்கு பம்பர்ஸ் தீர்ந்துபோனால் வாங்கிக்கொள்ளலாம், காலையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும். பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்று சொல்வார்கள். பிள்ளையோடு போகிறவர்கள் தங்க வேண்டியது அப்படிப்பட்ட ஊரில்தான்; பார்ப்பதற்குரிய இடங்கள் அரை மணி நேரத் தூரத்தில் இருந்தால் போதும்.

அந்த அரை மணி நேரத்தில்தான் எங்கள் பயணத்தின் மிகச் சிறந்த காலைப்பொழுது கிடைத்தது. பண்டாரவளையிலிருந்து எல்ல வரை ரயிலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கிறது. எல்லவில் இறங்கினால் பாலத்தைக் கடக்க மாட்டீர்கள். அதைப் பார்க்க, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தண்டவாளத்தில் செல்பி எடுக்கும் கூட்டத்தின் நடுவே அவள் கையை இறுகப் பிடித்து நிற்க வேண்டும். நாங்கள் தெமோதரைக்கே டிக்கெட் எடுத்தோம். பாலத்தின் மேல் ரயிலோடு போனோம், கீழே நின்றவர்கள் எங்களுக்குக் கையசைத்தார்கள், சின்னவள் மகாராணி போல் பதிலுக்கு அசைத்தாள். தெமோதரை நிலையத்தில் இறங்கி நின்றால் இன்னொரு வேடிக்கை: இறக்கத்தைச் சமாளிக்கப் பாதை ஒரு வட்டமடித்து, நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள்ளேயே போகிறது. நாம் இறங்கிய ரயிலே நம் காலுக்குக் கீழே போவதைப் பெரியவன் இன்றுவரை வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறான், நம்ப ஆள் இல்லை. திரும்பி வர ஓட்டோ பிடித்தோம்.

ஹப்புத்தளைப் பக்கமும் ஒரு நாள் போனோம். அதிசம் பங்களா இன்று துறவியர் மடம். அங்கே விற்கும் ஜாமுக்காகவே போகிறவர்கள் உண்டு. எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, கேட்டுவிட்டுப் போங்கள். மலையுச்சிக் காட்சியிடமான லிப்டன் ஆசனத்துக்கு தம்பேதன்னையிலிருந்து ஓட்டோவில் மேலே வரை போய்விடலாம் என்பது வசதி. காலையிலேயே போகாவிட்டால் மூடுபனி. காற்று சின்னவளின் தொப்பியைத் தோட்டத்துக்குள் தூக்கி எறிந்தது. மாமி இறங்கிப் போய், வரிசை பார்த்துச் செடிக்குள் நடந்து, இரண்டு நிமிடத்தில் எடுத்துவந்தார். அவருக்கு அது பழைய வேலைத்தலம் போலத்தான். அன்று முழுவதும் "இங்கே கவ்வாத்துச் சரியில்லை" என்று, செடியை வெட்டிவிட்ட விதத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

அறை எடுப்பதா, சொந்தக்காரர் வீட்டில் தங்குவதா என்பது தனி வழக்கு. பதுளையில் நாத்தனார் இருக்கிறார். அங்கே தங்காமல் காசு கொடுத்துத் தங்குவதா என்று வீட்டுக்காரருக்குச் சங்கடம். சொந்த வீட்டின் பெருமை எனக்கும் தெரியும். தரையில் பாய் விரித்தால் பிள்ளை கட்டிலில் இருந்து விழாது. காலை ஆறு மணிக்குக் கஞ்சி கேட்கலாம். நான்கு மடிகள் மாறி மாறிக் கிடைக்கும், நான் ஒரு தேத்தண்ணீரைச் சூடாகக் குடிப்பேன். மறுபக்கமும் உண்டு. ஒரு வீட்டுக்குப் போய் அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால் அது வருடக்கணக்கில் பேசப்படும். ஆறு வீடு என்றால் ஆறு தட்டுப் பிஸ்கட், ஆறு கோப்பை சீனிப் பால், "பிள்ளை மெலிந்துவிட்டாளே" என்ற அதே ஆறு வாக்கியம். அவள் தூங்கும் நேரத்தில் பார்க்க வருவார்கள். எழுப்பிக் காட்டச் சொல்வார்கள். கடைசியில் மூன்று இரவும் பண்டாரவளையில் ஓர் அறை, சமையலறை வசதியோடு, கீழ்த்தளத்தில். நடுவில் ஒரு முழு நாள் பதுளையில் நாத்தனார் வீட்டில் விருந்து, சொந்தங்கள் எல்லோரும் அங்கேயே வந்து பார்க்க ஏற்பாடு. நாத்தனார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டார்.

அறை பிடிக்கும்போது படங்களை நம்பாமல் போனில் நான்கு கேள்வி கேட்டேன்: எந்தத் தளம், வெந்நீர் காலையிலும் உண்டா, கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போடலாமா, பிள்ளைக்குச் சோறு குழைக்க அடுப்பைத் தருவீர்களா. கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் "தாராளமாக" என்று சொன்ன வீட்டில்தான் தங்கினோம்.

இனிப் போகும் வழி. பஸ் மலிவு, அதுவே அதன் ஒரே நற்குணம். வளைவில் அது சாயும் வேகத்துக்குப் பெரியவர்களுக்கே வயிறு கலங்கும், நாம் கேட்ட இடத்தில் நிற்காது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் கம்பியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தனியாகப் போகும்போது நான் பஸ்காரிதான், இவளோடு இல்லை.

வான் வைத்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், மூட்டை முடிச்சுக்குக் கணக்கில்லை. அதன் ஓட்டை வேறு இடத்தில். வாடகை வான்களில் குழந்தை இருக்கை அநேகமாக இருக்காது. "எல்லோரும் மடியில்தான் வைப்பார்கள், அக்கா" என்றார் நாங்கள் பேசிய ஓட்டுநர். திடீர் பிரேக்கில் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. சீட் பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துக் கட்டினால் நம் எடையே அவளை நசுக்கும். கொழும்பிலுள்ள சிநேகிதியிடம் இருக்கை ஒன்றை இரவல் வாங்கி, அதைக் கட்டப் பின் பெல்ட் உள்ள வானாகத் தேடிப் பிடித்தோம். இரண்டு நாள் அலைச்சல், ஆனால் அதில் உட்கார்ந்தவுடன் அவள் தூங்கிவிடுகிறாள் என்பது எதிர்பாராத இலாபம். வாந்தியைப் பற்றி ஒரு விஷயம்: பயண மயக்கம் இரண்டு வயதுக்குக் கீழ் அவ்வளவாக வராது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகம். எங்கள் வீட்டிலும் கவலை சின்னவள் அல்ல, பெரியவன். அவனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு இல்லை, கையில் போன் இல்லை, பார்வை முன்னால் பாதையில். வாந்தி மருந்தை வைத்தியரைக் கேட்காமல் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. மாமி நெற்றியில் தேய்க்க எடுத்த தைலத்தையும் வாங்கி வைத்துவிட்டேன், கற்பூரமும் மென்தோலும் கலந்தவை இந்த வயதுக்கு ஆகாது.

ரயிலைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை ஒன்பது, பத்து மணி நேரம். அதை முழுவதும் ஒரு பிள்ளையோடு செய்கிறவர்களைக் கும்பிடுகிறேன், பின்பற்ற மாட்டேன். ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு நான்கு மணி நேரத்துக்குள். எங்கள் எல்லைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனாலும் ரயிலில் எழுந்து நடக்கலாம் என்பதால் துணிந்தோம். ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும், திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டுக்காரர் காலையிலேயே காத்திருந்து இரண்டாம் வகுப்பில் பிடித்தார். குளிரூட்டிய முதல் வகுப்பில் ஜன்னல் திறக்காது. பிள்ளைக்குக் காற்றும் வடைக்காரரின் குரலும் வேண்டும், ஆகவே இரண்டாம் வகுப்பே நல்லது, ஜன்னலோரம் அவளை ஒருவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. திறந்த கதவுப் பக்கம் போகவே விடக்கூடாது.

ஹட்டனைத் தாண்டியதுமே சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீற்றருக்கு மேல் இருட்டு. சின்னவள் கத்தினாள். வெளிச்சம் வந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு "இன்னும்" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு சுரங்கத்துக்கும் பெட்டி முழுவதும் சேர்ந்து கூவியது. பட்டிப்பொலையில், 1,891 மீற்றரில், மூடுபனியும் தூறலும். அதைத் தாண்டிய சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் ஒஹியப் பக்கம் வெயில். மழைக்கு இரண்டு நாடு என்று மேலே எழுதினேனே, அதன் எல்லைக்கோடு அன்று கண்ணால் பார்த்தது. உண்மையான சோதனை ரயிலுக்குள் இல்லை, மேடையில்தான்: வண்டி ஐம்பது நிமிடம் தாமதம், அவள் தூங்க வேண்டிய நேரம் அங்கேயே கரைந்துபோனது. கழிப்பறையில் பம்பர்ஸ் மாற்றலாம் என்று கனவு காணாதீர்கள். ஆசனத்தில் ஒரு துணி விரித்து மாற்றி, பையில் கட்டி எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஆகவே போகும்போது ரயில், திரும்பும்போது அவள் பகல் தூக்கத்தைக் கணக்குப் பார்த்து வெலிமடை, நுவரெலியா வழியாக வான். கையில் காய்ச்சல் மருந்து, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி, கொதித்தாறிய தண்ணீர், இரத்தம் குடிக்கும் அட்டைக்கு ஒரு துண்டுச் சவர்க்காரம். அவசரமென்றால் 1990, இலவச அம்பியூலன்ஸ். கடவுள் புண்ணியத்தில் சவர்க்காரம்கூடத் தேவைப்படவில்லை.

நாங்கள் போய் வந்த சில மாதங்களில், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவில் உயிர்களும் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளும் போயின, ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. இப்போது திட்டமிடுகிறவர்கள், ரயில் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று நிலையத்திலேயே கேட்டுவிட்டு அறையைப் பதியுங்கள். புறப்படும் அன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மழை நாட்களில் வானையும் பகலிலேயே ஓட்டச் சொல்லுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்குக் கேட்கிறவர்களுக்கு என் பதில் கண்டி. எங்கள் வீட்டில் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. இம்முறை மாமி எங்கே என்று கேட்கவில்லை, ஜன்னலோர ஆசனம் யாருக்கு என்று கேட்டார்.